டார்லிங்டன் வீட்டுப் பாய்லரின் மூன்று சத்தங்கள்

குனோங் ராபாட், ஈப்போ, மலேசியா
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசை கண்டு வந்த பிறகு

அன்பு மகன் ஜோனாவுக்கு,

அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, மழைக்காலம் வந்தால் அது தனிக் கட்சி நடத்தும், உனக்குத் தெரியும். அங்கே இங்கிலாந்தில், டார்லிங்டனில் நீ சுகமா, என் மருமகள் பெர்னடெட் சுகமா, பேத்தி கார்மென் சுகமா என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன், ஏனென்றால் மொத்தமாகக் கேட்டால் நீயும் மொத்தமாக எல்லாரும் நல்லாருக்கோம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாய். தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பக்கத்து வீட்டு தினேஸ்வரியும் அதையேதான் கேட்டாள், எழுதிப் படம் பிடிச்சி அனுப்பிடலாம் ஆன்ட்டி, ஒரு நிமிசத்துல போயிடும்லா என்றாள். ஒரு நிமிடத்தில் போவது எனக்கு வேண்டாம். நீ வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பிரித்துப் படிக்க வேண்டும். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சரிம்மா, அப்புறம் பேசறேன்மா என்று கத்தரித்துவிடுகிறாய். இதை அப்படிக் கத்தரிக்க முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஊர்ச் சேதி. மழை விடாமல் பெய்கிறது, பின்பக்கத்து மலை காலையில் வெகுநேரம் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது, காயப்போட்ட துணி கொடியிலேயே குடித்தனம் நடத்துகிறது. நம் வரிசையில் மூலை வீட்டை வாங்கியவர்கள் முன்பக்கத்தை இடித்து இரண்டு காடி நிற்கிற மாதிரி கார்க்கொட்டகை கட்டுகிறார்கள், அப்பா தினமும் போய் நின்று மேஸ்திரிக்கு ஆலோசனை சொல்லிவிட்டு வருகிறார், அந்த ஆள் கேட்பதாகத் தெரியவில்லை. கோயிலில் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. என் குரல் உடைந்துபோய்விட்டது என்று என்னைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், நானும் பின்வரிசையில் நின்றுகொண்டு முன்வரிசையைவிடச் சத்தமாகப் பாடுகிறேன். கிறிஸ்மஸ் என்றதும் விசயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்மஸுக்கு அங்கே வரட்டுமா என்று கேட்டேன், பாய்லர் சரியில்லம்மா, வீடே நடுங்குது, உங்களால தூங்க முடியாது, சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன் என்றாய். ஈஸ்டருக்குக் கேட்டேன், பாய்லர் என்றாய். குளிர் விட்ட பிறகு கேட்டேன், லீவு இல்லை என்றாய். இந்தக் கிறிஸ்மஸுக்குக் கேட்டேன், மறுபடியும் பாய்லர். கார்மெனை நான் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு மூன்று வயது, இப்போது ஏழு முடிந்து முன்பல் விழுந்து முளைத்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், உன் பேச்சைப் பார்த்தால் கடலைக்கூடத் தாண்டிவிடலாம் போலிருக்கிறது, பாய்லரைத்தான் தாண்ட முடியவில்லை. சரி, அந்தப் பாய்லரை ஒரு கை பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். எனக்கு எதையும் மூக்கை நுழைத்துப் பார்த்தாக வேண்டும், அப்பா இதை வியாதி என்பார்.

வீட்டைச் சூடாக்க ஒரு மெஷின் என்பதே எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இங்கே மழை விட்ட அன்றைக்கு மத்தியானம் சுவரைத் தொட்டால் சுடுகிறது, வீட்டைக் குளிர வைக்க ஏர்கோன்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பாய்லர் என்றால் சதாசிவம் அண்ணன், அதுதான் தினேஸ்வரியின் அப்பா, பாகான் டத்தோ பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தப் பாய்லர்தான் எனக்குத் தெரியும், அது ஒரு வீட்டளவு இருக்கும். உன்னுடையது சமையலறைச் சுவரில் அலமாரி மாதிரி தொங்குகிற படத்தைப் பார்த்ததும் இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். நீ சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கேஸ் எரிகிறது, தண்ணீர் சூடாகிறது, ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே தள்ளுகிறது, ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் நிற்கிற ரேடியேட்டர் என்ற இரும்புத் தகட்டுக்குள் அது புகுந்து அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்ப் பாய்லருக்கே திரும்பி வருகிறது. அப்படியென்றால் எப்போதும் அதே தண்ணீரா என்று கேட்டேன், ஆமாம்மா என்றாய், எத்தனை வருடமாக என்றேன், வீட்டை வாங்கும்போதே உள்ளே இருந்ததும்மா என்றாய். அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. யார் ஊற்றிய தண்ணீரோ, வெளியே வெயிலையே பார்க்காமல் ஒரே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். நானும் அப்படித்தான்லா, ஈப்போவுல இருந்து தஞ்சோங் மாலிம், தஞ்சோங் மாலிம்ல இருந்து ஈப்போ, பஸ்சு ஓட்டியே வயசாயிருச்சி, என்னைய எவனாச்சும் யோசிச்சானா என்றார்.

அப்புறம்தான் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு என்று உன்னை நச்சரிக்க ஆரம்பித்தேன். நீயும் முகம் சுளிக்காமல் அனுப்பினாய். தினமும் காலையில் பசியாறும்போது கோப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்துக் கேட்பேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மாவுக்குப் பூப்படமும் காலை வணக்கமும் அனுப்புகிறார்கள், என் பிள்ளை பாய்லர் சத்தம் அனுப்புகிறான் என்று கோயிலில் சொல்லிச் சிரித்தேன். கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, அதில் ஒன்றல்ல, மூன்று சத்தம் கலந்திருக்கிறது. முதலாவது டக், டக் என்று விட்டு விட்டு வருவது. இதை நானே கண்டுபிடித்தேன், யார் உதவியும் இல்லை. நம் பின்கட்டுத் தகரக்கூரை வெயில் தாழ்ந்ததும் டக் டக்கென்று நெட்டி முறிக்குமே, அதே சத்தம். வெயிலில் விரிந்த தகரம் சாயங்காலம் சுருங்குகிறது. உன் வீட்டுக் குழாயும் சூடு ஏறினால் நீளும், ஆறினால் சுருங்கும், தரைப்பலகையில் உரசும், அவ்வளவுதான். நான் சொன்னபடி நீயும் ஒரு பலகையைத் தூக்கி, குழாய் படுகிற இடத்தில் பழைய கம்பளித் துணியைச் செருகினாய், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

இரண்டாவது சத்தம் களக், களக் என்று ஹால் ரேடியேட்டருக்குள்ளிருந்து வந்தது. இதை அப்பா பிடித்தார், பிடித்ததோடு நிற்காமல் மூலை வீட்டு மேஸ்திரி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். காத்து புடிச்சிருக்குலா, டீசல் லைன்ல காத்து புடிச்சா பஸ்சு இப்படித்தான் இருமும், மேல ஒரு திருகு இருக்கும், அத லேசா லூஸ் பண்ணி காத்த எறக்கச் சொல்லு என்றார். ரேடியேட்டர் தலையில் சின்னச் சாவி போட்டுத் திருகுகிற இடம் இருக்கிறது என்று நீயும் சொன்னாய், பாய்லரை அணைத்து ஆறவிட்டுத் திருகினாய், உஸ்ஸென்று காற்று போய் அதன் பின்னால் மைக்கறுப்பில் தண்ணீர் சொட்டியதாம், சுவரில் தெறித்த கறை இன்னும் போகவில்லையாம். அதை வெறும் துணியால் தேய்க்காதே, சோப்புத் தண்ணீர் போடு. காற்றை இறக்கியதும் அழுத்தம் காட்டுகிற முள் ஒன்று என்ற எண்ணுக்குக் கீழே போய்விட்டது என்றும் தண்ணீர் விட்டு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிறுத்தினேன் என்றும் நீ சொன்னபோது அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ அவரே டார்லிங்டனுக்குப் போய் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

மூன்றாவது சத்தம்தான் வில்லன். பாய்லரில் நெருப்புப் பற்றியதும் முதலில் ஒன்றுமில்லை, பிறகு அடித்தொண்டையில் கர்ரென்று ஆரம்பித்து, பாரம் ஏற்றிய லோரி மேடு ஏறுகிற மாதிரி உறுமி, கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடுகிறது, திரும்பப் பற்றுகிறது, திரும்ப உறுமுகிறது. இதற்காக நான் நம் அடுப்புக் கெட்டிலைப் பிடித்தேன். தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஜோனா, விவரம் தெரிந்த நாளிலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கிறவள் நான், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. தண்ணீர் கொதிக்கும்போது அதிகம் சத்தம் போடுவதில்லை. கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த இரைச்சல் இரைகிறது, கொதி வந்ததும் அடங்கிவிடுகிறது. நம்பாவிட்டால் நீயே வைத்துப் பார். அடியில் மட்டும் சூடு ஏறிக் குமிழி கிளம்புது, மேல இருக்கிற பச்சத் தண்ணியில பட்டதும் ஒடஞ்சிருது, அந்த ஒடையிற சத்தம்தான் ஆன்ட்டி என்று தினேஸ்வரி விளக்கினாள். அப்படியென்றால் உன் பாய்லருக்குள்ளும் எங்கோ ஓர் இடத்தில் தண்ணீர் சரியாக ஓடாமல் தேங்கி நின்று கொதிக்கப் பார்க்கிறது என்று எனக்குப் பட்டது. ஏன் தேங்குகிறது என்பதுதான் பிடிபடவில்லை. கெட்டில் மூன்று முறை வற்றியதுதான் மிச்சம், அப்பா கேஸ் தீர்ந்துவிடும் என்று வந்து அடுப்பை அணைத்துவிட்டார்.

இந்தச் சத்தத்தைச் சதாசிவம் அண்ணனுக்குப் போட்டுக் காட்டியது என் புத்திகெட்ட வேலை. ஆலைப் பாய்லரோடு வாழ்ந்த மனிதர் ஆயிற்றே என்று கொண்டுபோனேன். கேட்ட மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது, தங்கச்சி, இது நீராவி தேங்கி நிக்குது, சேஃப்டி வால்வு அடச்சிருக்கு, தம்பிய வெளிய ஓடி வரச் சொல்லு, இப்பவே போன் போடு என்று எழுந்து நின்றுவிட்டார். அப்பாவும் சேர்ந்து பதறினார். வீட்டை விட்டு ஓடுடா என்று நான் போனில் அலறியது அன்றுதான். நீ வீட்டிலேயே இல்லை, வேலையிடத்தில் இருந்தாய். இதுல நீராவியே கெடையாதும்மா, வெறும் சுடுதண்ணிதான், மாமாவ ஒக்காரச் சொல்லுங்க என்று நீ சிரித்தாய். நீ அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவம் அண்ணன், அவருக்குத் தெரிந்த பாய்லர் அது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி, நெருப்பு என்ன நிறம் என்று கேட்டார். மஞ்சளாக எரிந்தால் வாசனையே இல்லாத விஷவாயு கிளம்பித் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்றார். நீ சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்து நீலம்தான்மா என்றாய், அந்த வாயு வந்தால் அலறுகிற அலாரம் ஒன்றையும் மாட்டினாய், கேஸ் வேலைக்கு அனுமதி உள்ள ஆளையும் கூப்பிட்டாய். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஆபத்து இல்லை, பழைய மெஷின், சத்தம் போடத்தான் செய்யும், புதிது வாங்கு என்று சொல்லிப் போய்விட்டார். எனக்குத் திருப்தி இல்லை. பழையதென்றால் சத்தம் போடும் என்பது ஒரு பதிலா, நானும் பழையதுதான், காரணமில்லாமலா சத்தம் போடுகிறேன். நீ மட்டும் அந்த மூடியில் கை வைக்காதே, அது அவர்கள் வேலை.

கடைசியில் சரியான கேள்வியைக் கேட்டவள் தினேஸ்வரி. அவள் இப்போது டவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் ஏர்கோன் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள், தெரியுமல்லவா. அங்கே தண்ணீரை ஐஸ் மாதிரி குளிர வைத்துப் பம்ப் போட்டு மாடி மாடியாக அனுப்புகிறார்களாம், ஒவ்வோர் அறையிலும் சூட்டை வாங்கிக்கொண்டு அது திரும்பி வருமாம். உன் வீட்டுக் கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது, எனக்கு ஒரே ஆச்சரியம். போன புதன்கிழமை வேலை விட்டு வந்தவளை வாசலிலேயே மறித்து உறுமல் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். ஆன்ட்டி, அண்ணே வீட்ல எந்தெந்த ரேடியேட்டர் தொறந்திருக்குன்னு கேளுங்க, எங்க ஹோட்டல்ல ஆளு இல்லாத சீசன்ல ரூம் வால்வு எல்லாத்தையும் மூடிட்டா பம்ப் கத்தும், தண்ணி போறதுக்கு எடம் வேணும்லா என்றாள். அப்போதே உனக்குச் செய்தி போட்டேன். மறுநாள் காலையில் உன் குரலில் பதில் வந்திருந்தது, எதையோ மென்றுகொண்டே பேசியிருந்தாய். ஹால்ல மட்டும்தான்மா தொறந்திருக்கு, மத்த ரூம்லாம் சும்மாதானே கெடக்கு, எதுக்கு வேஸ்டா சூடு பண்ணணும் என்றாய்.

அதைக் கேட்டு நான் குதித்தேன் ஜோனா. தினேஸ்வரியும் கை தட்டினாள். பம்ப் தள்ளுகிற தண்ணீர் முழுவதும் ஒரே ஒரு ரேடியேட்டர் வழியாகப் போக முடியாமல் பாய்லருக்குள்ளேயே மந்தமாகிக் கொதிக்கிறது, எல்லை மீறிச் சூடானதும் பாய்லர் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, ஆறியதும் பற்றுகிறது, திரும்ப உறுமுகிறது. கெட்டிலில் நான் கேட்டதும் இதுதான். உள்ளே சுண்ணாம்பும் அழுக்கும் படிந்திருந்தால் அதையும் ஒருநாள் கழுவ வேண்டியிருக்கும், ஆனா மொதல்ல நாலு வால்வத் தொறந்து பாக்கச் சொல்லுங்க ஆன்ட்டி, பாதி சத்தம் அங்கயே போயிரும் என்றாள். அவளுக்குச் சுடச்சுடக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பாய்லரைத் தாண்டியாகிவிட்டது, இனி இந்தப் பிள்ளை என்ன சொல்லித் தடுப்பான் என்று நினைத்துக்கொண்டு உனக்குப் போன் போட எடுத்தேன்.

எடுத்தவள் போடவில்லை. உன் பதிலை இன்னொரு தடவை கேட்கலாம் என்று போட்டேன், அப்போதுதான் அது காதில் விழுந்தது. மற்ற அறையெல்லாம் சும்மா கிடக்கிறது என்கிறாய். எந்த அறை சும்மா கிடக்கிறது? உன் வீட்டில் மாடியில் இருப்பது உங்கள் அறையும் கார்மென் அறையும்தானே. நம் வீட்டில் அப்பா செய்கிற காரியம் உனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆள் எழுந்து போன அறையில் காற்றாடி சுற்றினால் அவருக்கு ஆகாது, நான் கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் அணைத்துவிடுவார். ஆனால் ஆள் இருக்கிற அறையில் அவர் ஒருநாளும் அணைத்ததில்லை, நீயும் அணைக்க மாட்டாய். கார்மென் பிறந்த குளிரில் அவள் தொட்டிலுக்கு மேலே சூடு பார்க்கிற மீட்டரைக் கட்டித் தொங்கவிட்டு அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியவன் நீ. அந்தப் பிள்ளை அறையின் ரேடியேட்டரை நவம்பர் மாதத்தில் அடைத்துப் போடுவாயா? சிக்கனத்துக்கு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார்மென் போன் படத்தில் வருகிறாள், வருகிறபோதெல்லாம் காலில் சப்பாத்து. குளிருக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நம் பிள்ளைகள் யார் வீட்டுக்குள் சப்பாத்துப் போடுகிறார்கள்? கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகிறவர்கள்தான் கழற்ற மாட்டார்கள். பெர்னடெட்டைக் கேட்டால் எப்போதும் டூட்டி. போன வாரம் நீ அனுப்பிய பதிவில் பாய்லர் அணைந்த பிறகும் நிறுத்த மறந்துவிட்டாய், நான் அடுத்த உறுமலுக்காகக் காத்துக்கொண்டு கேட்டேன். டிவி இல்லை, மாடியில் பிள்ளை நடக்கிற சத்தம் இல்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலி இழுபட்டது, ஒரு தட்டு வைத்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பாய்லரைக் கேட்கிற மும்முரத்தில் அதை நான் விட்டுவிட்டேன். ஜோனா, சமையலறையில் நின்றுகொண்டு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. நீ ஹாலிலேயேதான் படுத்துக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நேற்று வரை குழம்பினேன். நேற்று மத்தியானம் அவர் மேசைக் காற்றாடி இறக்கையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்து முடித்து மாட்டிவிட்டு, எனக்குப் போன மாசமே தோணுச்சி என்றார். எப்படி என்று கேட்டேன். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க அரிசி எவ்வளவு போடணும்னு என்கிட்டக் கேட்டான், உன்கிட்டக் கேட்டா ஏன்னு கேப்பல்ல என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, உன் மேல் கொஞ்சம், இந்த மனிதர் மேல் நிறைய. ஒரு மாதமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மேஸ்திரிக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார். அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத, ரூம்ல ஆளு இல்லாட்டியும் பரவால்ல, எல்லாத்தையும் தொறந்து வைக்கச் சொல்லு, நானும் வாரேன்னு எழுது என்றார். குளிருக்குப் பயந்து கேமரன் மலைக்குக்கூட வராத மனிதர். பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டதே என்றேன், அலமாரியைத் திறந்து புதுசை எடுத்துக் காட்டினார், இரண்டு வாரத்துக்கு முன்பே என்னிடம் சொல்லாமல் போய் மாற்றி வைத்திருக்கிறார்.

என் புத்திக்குப் பட்டதெல்லாம் தப்பாக இருந்தால், இந்தக் கடிதத்தைப் பெர்னடெட்டிடம் காட்டு, கிழவிக்கு வேலையில்லை, பாய்லரை வைத்துத் துப்பறிகிறாள் என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரியுங்கள், கார்மெனுக்கும் படித்துக் காட்டுங்கள், எனக்கு அதைவிடச் சந்தோசம் வேறில்லை. சரியாக இருந்தால், என்ன நடந்தது, யார் மேல் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. எப்போதிலிருந்து என்றும் கேட்க மாட்டேன். முழுப் பூசணிக்காயை இத்தனை நாள் சோற்றுக்குள் வைத்து அமுக்கியிருக்கிறாயே, எங்களுக்காகத்தான் என்று தெரியும், ஆனாலும் அது உனக்குப் பெரிய பாரம், அதை இறக்கி வை. பெர்னடெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாக என்னிடம் சொல்லாதே, உன்னைப் பற்றி அவளிடமும் நான் கெட்டதாகக் கேட்க மாட்டேன். அவள் எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி நெத்திலிச் சம்பால் கொடுத்துவிட்டுத்தான் வருவேன், பாட்டிலில் போட்டு மூன்று உறை சுற்றி வைத்திருக்கிறேன், விமானத்தில் கொட்டாது. இதுவரைக்கும் வரட்டுமா வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, கவனித்தாயா. தினேஸ்வரி டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வந்து இறங்குகிறோம். எங்களுக்காக அறை எதுவும் ஒழித்துத் தர வேண்டாம், கார்மென் அறையிலேயே படுத்துக்கொள்கிறோம், அவள் கட்டில் போதாவிட்டால் அப்பா தரையில் படுத்துக்கொள்வார், முழங்காலுக்கு அதுதான் நல்லது என்று அவரே சொல்கிறார். பாய்லர் உறுமினால் உறுமட்டும், எனக்கு அந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது, நேரில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஈரத் துணியை ரேடியேட்டர் மேல் போட்டுக் காயவைக்கிறாய் என்று தெரியும், சுவரில் பூஞ்சணம் பூத்துவிடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. மாதாவிடம் உன்னை ஒப்புக்கொடுத்துத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன், உனக்கு ஒன்று, பெர்னடெட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக. அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறோம்.

இதற்குப் பெரிய பதில் எழுத வேண்டாம். நாங்கள் வருகிற அன்று இரவுச் சாப்பாடு நான்தான் சமைப்பேன், நீ அடுப்பைத் தொடாதே. எத்தனை பேருக்கு அரிசி போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் எழுது. ஐந்து பேர் என்றாலும் சரி, மூன்று பேர் என்றாலும் சரி, நான் வந்து வடிக்கிறேன்.

என்றும் உன் அம்மா,
பெட்ரீசியா சூசைநாதன்